‘ஐந்து ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தோம்’ என்று கையெழுத்துப் போட்ட கல்யாணம் செல்லுமா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். 2018 மார்ச்சில் வேலைக்காகப் பிலிப்பைன்ஸ் வந்தேன். உடன் வேலை பார்த்த இந்நாட்டுப் பெண்ணை 2019 நவம்பரில் ஒரு நகர நீதிபதி முன்னிலையில் மணந்தேன். இருவருக்குமே அது முதல் திருமணம். முறையாக உரிமம் வாங்கப் பத்து நாளுக்கு மேல் ஆகும், தூதரகக் கடிதமும் வேண்டும் என்றார்கள். அவ்வளவு நாள் விடுப்பு இல்லை. நீதிமன்ற வளாகத்தில் இருந்த ஒருவர், ‘மொத்தமாக ஒரு தொகை கொடுங்கள், நாளைக்கே முடித்துவிடலாம்’ என்றார். அச்சடித்த ஒரு படிவத்தில் எங்கள் பெயரையும் தேதியையும் மட்டும் நிரப்பிக் கையெழுத்து வாங்கினார். நாங்கள் ஐந்து ஆண்டுகளாகக் கணவன் மனைவியாக வாழ்வதாக அதில் இருந்தது. நீதிபதி எதையும் கேட்கவில்லை. 2021-இல் மகள் பிறந்தாள். இப்போது குடும்பத்தோடு ஊர் திரும்ப நினைக்கிறோம். மனைவிக்கு ஓசிஐ எனப்படும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டை எடுக்கப் போனபோது, சான்றிதழில் ‘34-ஆம் பிரிவு’ என்று இருப்பதைக் காட்டி ஒரு ஆலோசகர் பயமுறுத்திவிட்டார். எங்கள் திருமணம் செல்லுமா? மகளின் நிலை என்ன? அந்த நீதிபதி மீது புகார் கொடுக்கலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் எழுதியிருப்பது அப்படியே உண்மையென்றால், பிலிப்பைன்ஸ் சட்டப்படி உங்கள் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது. அதற்காக வீட்டில் எல்லாரையும் கலங்கடிக்க வேண்டாம். நீதிமன்றம் அப்படி அறிவிக்கும்வரை, பிஎஸ்ஏ எனப்படும் அந்நாட்டுப் புள்ளியியல் ஆணையம் தரும் திருமணச் சான்றிதழை அலுவலகங்கள் ஆதாரமாகவே ஏற்கும். சரிசெய்யவும் வழி இருக்கிறது. ஆனால் எதை முன்னால் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்று தெரிந்து செய்ய வேண்டும். நீங்கள் கேட்காத ஒரு கேள்வியையும் நானே சேர்த்துக்கொள்கிறேன்: அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட உங்கள் இருவரின் நிலை என்ன?

நம் ஊரில் கல்யாணம் முதலில், பதிவு பிறகு. பதிவு செய்யாமல் விட்டுவிட்டாலும், அந்தக் காரணத்துக்காக மட்டும் திருமணம் செல்லாமல் போவதில்லை. பிலிப்பைன்ஸில் வரிசை தலைகீழ். 1988 ஆகஸ்ட் 3 முதல் நடைமுறையில் உள்ள அவர்களுடைய குடும்பச் சட்டத் தொகுப்பின் 3-ஆம் பிரிவு மூன்று முறைசார் தேவைகளைச் சொல்கிறது: நடத்திவைப்பவருக்கு அதிகாரம் இருக்க வேண்டும், செல்லுபடியாகும் திருமண உரிமம் இருக்க வேண்டும், இருவரும் நேரில் வந்து, வயதுவந்த இரண்டு சாட்சிகளாவது பார்க்க, ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லும் சடங்கு நடக்க வேண்டும். உரிமம் கேட்டு விண்ணப்பித்ததும் பதிவாளர் அலுவலகப் பலகையில் பத்து நாள் தொடர்ந்து அறிவிப்பு ஒட்டுவார்கள். நம் தேவாலயங்களில் ஓலை வாசிப்பார்களே, அதே நோக்கம்தான்: தடை தெரிந்த எவரும் வந்து சொல்லலாம். நீங்கள் காசு கொடுத்துத் தாண்டியது அந்தப் பத்து நாளைத்தான்.

இங்கே ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ளுங்கள். 4-ஆம் பிரிவின்படி, இந்தத் தேவைகளில் ஒன்று அறவே இல்லையென்றால் திருமணம் செல்லாது. ஒன்று இருந்து, அதில் முறைகேடு மட்டும் என்றால் திருமணம் நிற்கும். முறைகேட்டுக்குப் பொறுப்பானவர் தண்டனைக்கு ஆளாவார். இருவருமே குடியிருக்காத ஒரு ஊரின் பதிவாளரிடம் வாங்கிய உரிமம் என்றால், அது முறைகேடு. பத்து நாள் அறிவிப்பு ஒட்டாமலே பதிவாளர் கொடுத்த உரிமமும் அப்படித்தான். நீதிபதி தன் அதிகார எல்லைக்கு வெளியே போய் நடத்திவைத்ததையும், 1996-இல் டோமாக்டோய் என்ற நீதிபதி மீதான வழக்கில், உச்ச நீதிமன்றம் முறைகேடு என்றே வகைப்படுத்தி அவரை ஆறு மாதம் இடைநீக்கம் செய்தது. உரிமமே இல்லாமல் நடந்ததும், சடங்கு முடிந்தபின் உரிமம் வாங்கியதும் வேறு ரகம். பின்னால் வரும் உரிமம் முன்னால் நடந்த திருமணத்துக்கு இம்மியளவும் உயிர் கொடுக்காது. உரிமத்துக்கு ஆயுள் 120 நாள். அதற்குப் பிறகு அது தானாகவே ரத்தாகிவிடுவதால், காலாவதியான உரிமத்தை வைத்து நடத்துவதும் உரிமம் இல்லாததற்குச் சமம்.

உங்கள் விவகாரம் 34-ஆம் பிரிவில் இருக்கிறது. தடை ஏதுமின்றிக் குறைந்தது ஐந்து ஆண்டுகள் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு உரிமம் தேவையில்லை என்கிறது அது. நல்லெண்ணத்தில் பிறந்த விதிவிலக்கு. ஏற்கெனவே குடும்பமாக வாழும் இருவரின் பெயரைப் பலகையில் ஒட்டி ஊர் வாய்க்கு அவல் கொடுத்தால், கூச்சத்தில் அவர்கள் மணம் செய்யாமலே இருந்துவிடுவார்கள் என்பதால் வைத்தது. நினால் எதிர் பயாடோக் வழக்கில், 2000-இல், நீதிமன்றம் இதற்கு இறுக்கமான பொருள் சொல்லிவிட்டது: திருமண நாளுக்கு உடனடி முந்தைய ஐந்து ஆண்டுகள், இடைவெளி இல்லாமல், வேறு துணை இல்லாமல் இருக்க வேண்டும். உங்களுக்கு இருந்தது அதிகபட்சம் ஒரு வருடம் எட்டு மாதம்.

ஐந்தாண்டு பொய் என்று தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2008-இன் ரிபப்ளிக் எதிர் டயோட் தீர்ப்பு அச்சாகப் பொருந்தும். அந்த ஜோடியும் சில மாதப் பழக்கத்தை ஐந்து ஆண்டு என்று எழுதிக் கொடுத்தவர்கள். அது சின்னத் தவறு, முறைகேடு மட்டுமே என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. விதிவிலக்கின் அடிப்படையே பொய்யென்றால் விதிவிலக்கு இல்லை, விதிவிலக்கு இல்லையென்றால் உரிமம் இல்லாத திருமணம், ஆகவே செல்லாது. பொய்யில் கையெழுத்துப் போட்டவரே வந்து கேட்டாலும் முடிவு மாறாது, காலவரம்பும் கிடையாது என்றது. அதே சமயம், 2015-இன் சாந்தியாகோ எதிர் பீப்பிள் வழக்கில், இருதாரக் குற்றச்சாட்டிலிருந்து தப்பிக்க ஒரு பெண் தன்னுடைய பொய்யான ஐந்தாண்டுப் பத்திரத்தையே கேடயமாகத் தூக்கியபோது நீதிமன்றம் விடவில்லை; தண்டனை உறுதியானது. உண்மையைச் சொல்லித் திருத்திக்கொள்ள வருபவருக்குக் கதவு திறக்கும். பொய்யைக் காட்டித் தப்பிக்க நினைப்பவருக்குத் திறக்காது.

உங்கள் சான்றிதழை எடுத்து நீங்களே பாருங்கள். நகராட்சிப் படிவம் எண் 97 என்று இருக்கும். நடத்திவைத்தவரின் உறுதிமொழிப் பகுதியில் சில தெரிவுகள் இருக்கும். ஒன்று, உரிம எண், தேதி, வழங்கிய ஊர். இன்னொன்று, இன்ன பிரிவின்படி உரிமம் தேவைப்படவில்லை என்பது. பின்பக்கத்தில் நீதிபதியின் பிரமாண வாக்குமூலம் இருக்க வேண்டும். அதை விட்டுவிடாதீர்கள். 34-ஆம் பிரிவு தம்பதியின் பத்திரத்தோடு நிற்கவில்லை. இவர்களின் தகுதியை நான் விசாரித்து அறிந்தேன், தடை எதுவும் காணவில்லை என்று நீதிபதியும் சத்தியம் செய்தாக வேண்டும். உங்கள் பாஸ்போர்ட்டைப் புரட்டி வருகை முத்திரையைப் பார்த்திருந்தாலே போதும், அன்றே நின்றிருக்கும். நீதிபதியின் தவறு என்பது இதுதான். உங்கள் பொய்யை அவர் உருவாக்காமல் இருக்கலாம். ஆனால் விசாரிக்காமலே விசாரித்ததாகச் சத்தியம் செய்திருக்கிறார்.

இந்த வகைத் தவறில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கண்டிப்பானது. செபு நகரில் 2007-இல் தணிக்கைக் குழு ஒன்று, தன் ஆட்கள் இருவரைக் கல்யாண ஜோடிபோல் நீதிமன்றத்துக்குள் அனுப்பிப் பார்த்தது. பிறகு 643 திருமணச் சான்றிதழ்களைப் பரிசோதித்தது. பெயரை மட்டும் நிரப்பிய ஒரே மாதிரிப் பத்திரங்கள். சேர்ந்து வாழ்ந்ததாகச் சொன்ன காலத்தில் சிறுவயதுக்காரர்களாக இருந்தவர்கள். தூதரகச் சான்றுக்குப் பதில் தாங்களே எழுதிய வாக்குமூலம் கொடுத்த வெளிநாட்டவர்கள் என்று வரிசையாக வந்தன. 2013 ஏப்ரலில் தீர்ப்பு: மூன்று நீதிபதிகள் பதவிநீக்கம், நான்காமவரும் வேறு வழக்கில் ஏற்கெனவே நீக்கப்பட்டிருக்காவிட்டால் இதில் நீக்கப்பட்டிருப்பார். ஊழியர்களுக்கும் வேலை போனது. மறு ஆண்டே பகோலோட் நகர நீதிபதி ரோஹோ, சேர்ந்து வாழ்ந்ததற்கான ஒன்பது பத்திரங்களுக்குத் தானே நோட்டரியாகக் கையெழுத்துப் போட்டு, அதே நாளில் கல்யாணமும் நடத்திவைத்ததற்காக ஆறு மாதம் சம்பளமின்றி இடைநீக்கம் செய்யப்பட்டார். ஆராய வேண்டிய தாளை அவரே தயாரித்தால் யார் ஆராய்வது என்பது நீதிமன்றத்தின் கேள்வி. உங்கள் பத்திரத்தின் அடியில் நோட்டரி யார் என்று பாருங்கள். அதே நீதிபதியின் பெயரே இருந்தால் அது தனிக் குற்றச்சாட்டு.

எல்லா நீதிபதியும் காசுக்காகச் செய்ததும் இல்லை. 2002-இல் ஒக்சியானோ என்ற நீதிபதியின் வழக்கை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. மணமகன் நடக்கச் சிரமப்படுபவர் என்று கேட்டுக்கொண்டதால் தன் எல்லைக்கு வெளியே போனார். போன இடத்தில் உரிமம் இல்லை என்று தெரிந்து மறுத்தார். விருந்தினர் வந்தாயிற்று, பலகாரம் ஆயிற்று, மணமகனுக்கு உடல்நிலை தாங்காது என்று கெஞ்சியதும் இரக்கப்பட்டு நடத்திவைத்தார். மாலைக்குள் உரிமத்தைத் தருவதாகச் சொன்னவர்கள் கடைசிவரை தரவில்லை. மணமகன் இறந்தபின், அந்தப் பெண்ணுக்குச் சொத்திலும் கிடைக்கவில்லை, கணவர் கடற்படையில் உழைத்த ஓய்வூதியத்திலும் கிடைக்கவில்லை. திருமணமே இல்லை என்று ஆகிவிட்டது. நீதிபதி மீது கொடுத்த புகாரை அந்தப் பெண் பிறகு திரும்பப் பெற்றும், நீதிமன்றம் அவருக்கு அந்நாட்டுப் பணத்தில் 5,000 பெசோ அபராதம் விதித்தது. நீதிபதிக்கு 5,000 பெசோ, அந்தப் பெண்ணுக்கு எல்லாமே போனது. உங்கள் மனைவிக்கு இது நடக்கக் கூடாது என்பதுதான் என் கவலை. ‘இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே, அப்படியே விட்டுவிடலாம்’ என்ற யோசனைக்கு நான் ஒப்பாததும் அதனால்தான். இருவரும் உயிரோடும் ஒற்றுமையோடும் இருக்கும்வரை இந்த ஓட்டை வெளியே தெரியாது. ஒருவர் போனபிறகு, சொத்துப் பிரிவினையில் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் தேடும்.

இனி, புகார். கொடுக்கலாம். ஆனால் அந்தப் பத்திரம் சத்தியப் பிரமாணம். அதில் இருப்பது பொய் என்று நீங்கள் எழுதும் நிமிடமே, பொய்ச் சத்தியம் செய்ததை நீங்களும் உங்கள் மனைவியும் எழுத்தில் ஒப்புக்கொண்டதாகிறது. 2021-இல் ஒரு திருத்தச் சட்டம் அந்தக் குற்றத்துக்கான தண்டனையைக் கூட்டியும் இருக்கிறது. ‘அவர்தான் போடச் சொன்னார்’ என்பது உங்களை முழுதாக விடுவிக்காது. ஆகவே அந்நாட்டுக் குற்றவியல் வழக்கறிஞர் ஒருவர் பத்திரத்தைப் படிக்கும் முன்னால் எங்கும் எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள், மின்னஞ்சலில்கூட.

அவர் சரியென்றால், புகார் மணிலாவில் உச்ச நீதிமன்றத்தின் கீழ் உள்ள நீதித்துறை நேர்மை வாரியத்துக்குப் போகும். நீதிமன்ற விதிகளில் 140-ஆம் விதி இதற்கானது. புகார் சத்தியம் செய்து உறுதிப்படுத்தியதாக இருக்க வேண்டும். நேரில் அறிந்தவர்களின் வாக்குமூலமோ ஆவணமோ சேர்க்க வேண்டும். பொது ஆவணங்கள் தாங்கி நிற்குமானால் பெயரில்லாப் புகாரும் ஏற்கப்படும். ஆனால் உங்கள் சான்றிதழையே இணைத்துவிட்டுப் பெயரை மறைப்பதில் பயனில்லை. என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதுங்கள்: தேதி, அறை, எவ்வளவு பணம், யார் கையில், அதிகாரபூர்வ ரசீது உண்டா, நீதிபதி என்ன கேட்டார், என்ன கேட்கவில்லை. இடைத்தரகர் வாங்கிய பணம் நீதிபதிக்குப் போனது என்று உங்களுக்கு நேரடியாகத் தெரியாவிட்டால் அதைச் சொல்லாதீர்கள். ஒரு நிரூபிக்க முடியாத வரி மற்ற உண்மைகளையும் பலவீனமாக்கும். நீதிபதிகள் எழுபது வயதில் ஓய்வு பெறுகிறார்கள். பதவியில் இருக்கும்போது புகார் பதிவானால், பிறகு அவர் ஓய்வு பெற்றாலும் வழக்கு சாகாது, ஓய்வூதியப் பலனிலிருந்தே அபராதம் பிடிப்பார்கள். ஓய்வுக்குப் பிறகு கொடுத்தால் ஒழுங்கு நடவடிக்கைக்கு இடமில்லை. எனவே அவருடைய வயதை விசாரித்து வையுங்கள். உரிமமின்றிச் சட்டவிரோதச் சடங்கு நடத்தியதற்கு அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 352-ஆம் பிரிவும் இருக்கிறது; அது அரசு வழக்கறிஞரிடம் கொடுக்கும் தனிப் புகார்.

புகாரில் நீங்கள் முழுதாக ஜெயித்தாலும் உங்கள் திருமணத்தில் ஒரு எழுத்தும் மாறாது. ஒழுங்கு நடவடிக்கை நீதிபதிக்கானது. திருமணத்தைச் சரிசெய்வது வேறு வாசல். அந்த வாசலுக்கு முதலில் போங்கள் என்பது என் கருத்து.

அது குடும்ப நீதிமன்றத்தில் போடும் செல்லாநிலை அறிவிப்பு மனு. கணவனோ மனைவியோ மட்டுமே போட முடியும். மனுவுக்கு முன் ஆறு மாதமாவது இருவரில் ஒருவர் குடியிருந்த இடத்து நீதிமன்றத்தில் போட வேண்டும். அதனால் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊர் திரும்பும் முன்பே இதைத் தொடங்குங்கள். ஆதாரங்கள் உங்களிடமே இருக்கின்றன: பாஸ்போர்ட்டில் முதல் வருகை முத்திரை, குடிவரவுத் துறை சான்றளித்துத் தரும் பயணப் பதிவு, வேலை ஒப்பந்தம், அதற்கு முன் இந்தியாவில் வேலை பார்த்த சான்று, பதிவாளர் கோப்பில் உள்ள ஐந்தாண்டுப் பத்திரத்தின் சான்றிட்ட நகல். உங்கள் பெயர்களில் உரிமம் எதுவும் வழங்கப்படவில்லை, தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்ற பதிவாளர் சான்றும் வாங்குங்கள். ‘தேடிப் பார்த்தும்’ என்ற சொல் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாத சான்றுகளால் வழக்குகள் தோற்றிருக்கின்றன.

இருவரும் சேர்ந்து பேசிவைத்துக்கொண்டு வந்தார்களா என்று அரசு வழக்கறிஞர் விசாரிப்பார். நீங்களோ பிரிய விரும்பாத தம்பதி. பயந்து, சண்டை போட்டுப் பிரிந்தவர்கள்போல் நடிக்காதீர்கள். ஆதாரத்தை ஜோடிப்பதும் மறைப்பதும்தான் கூட்டுச்சதி. உண்மையான ஆவணத்தை வைத்துக்கொண்டு, முறையாக மறுபடி மணக்க விரும்புகிறோம் என்று சொல்வது சதி ஆகாது. எதிர்தரப்பு வராவிட்டாலும் தானாகத் தீர்ப்பு வந்துவிடாது. சாட்சியம் சொல்லித்தான் ஆக வேண்டும். அரசுக்காக வாதாடும் சொலிசிட்டர் ஜெனரல் அலுவலகம் மேல்முறையீடு செய்யலாம். பொதுவான விவாகரத்துச் சட்டமே இல்லாத நாடு அது. எனவே நாள் பிடிக்கும்.

‘பேசாமல் இந்தியா வந்து இன்னொரு முறை பதிவுத் திருமணம் செய்துகொண்டால் என்ன?’ என்று பலர் கேட்கிறார்கள். முதல் பதிவு பிஎஸ்ஏ ஏட்டில் அப்படியே நிற்கும். செல்லாத திருமணத்தையும், மறுமணம் என்று வரும்போது, இறுதித் தீர்ப்பைக் காட்டித்தான் செல்லாது என்று சொல்ல முடியும் என்கிறது அவர்களுடைய 40-ஆம் பிரிவு. தீர்ப்பு இல்லாமல் இரண்டு தேதியில் இரண்டு சான்றிதழ் வைத்திருப்பது இப்போதைய சிக்கலைவிடப் பெரிது.

தீர்ப்பு இறுதியானதும், நீதிமன்றம் இருக்கும் ஊரிலும் திருமணம் பதிவான ஊரிலும் உள்ள பதிவாளர்களிடம் அதைப் பதிந்து, பிஎஸ்ஏ சான்றிதழில் குறிப்பு ஏறும்வரை காத்திருங்கள். பிறகு உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். வெளிநாட்டவரான உங்களுக்கு, 21-ஆம் பிரிவின்படி, திருமணம் செய்யச் சட்டத் தகுதி உண்டு என்று இந்தியத் தூதரகம் தரும் சான்று வேண்டும். இந்த முறை பத்து நாளையும் பொறுத்திருங்கள். உண்மையாகவே இப்போது ஐந்து ஆண்டு ஆகிவிட்டதே, 34-ஆம் பிரிவையே பயன்படுத்தலாமே என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உரிமம் கையில் இருந்தால் எந்த நாட்டு அதிகாரிக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. சடங்கு அன்று, கையெழுத்துப் போடும் முன், படிவம் 97-இல் உரிம எண்ணும் தேதியும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அசல் பிரதி உங்களுக்கு. நடத்திவைத்தவர் 15 நாளுக்குள் பதிவாளருக்கு நகல்களை அனுப்ப வேண்டும். அனுப்பினாரா என்று மூன்றாவது வாரம் நேரில் போய்ப் பாருங்கள்.

ஓசிஐ விஷயத்தில் ஒரு கசப்பான செய்தி. வெளிநாட்டுத் துணைக்கு அது கிடைக்க, திருமணம் பதிவாகி, விண்ணப்பத்துக்கு முன் தொடர்ந்து இரண்டு ஆண்டாவது நிலைத்திருக்க வேண்டும். புதிய திருமணத்திலிருந்து அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று திட்டமிடுங்கள். குறை தெரிந்தபின் பழைய சான்றிதழை வைத்து இப்போது விண்ணப்பிக்காதீர்கள். முக்கியமான உண்மையை மறைத்துப் பெற்ற அட்டையை இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 7டி பிரிவின்படி ரத்து செய்ய முடியும்.

மகளைப் பற்றி: உரிமமில்லாத் திருமணத்தில் பிறந்த குழந்தையை அந்நாட்டுச் சட்டம் முறைசார்ந்த வாரிசாகக் கருதுவதில்லை. கேட்கவே வலிக்கும், ஆனால் இது நிரந்தரமல்ல. அவள் கருவானபோது நீங்கள் ஒருவரையொருவர் மணக்க எந்தத் தடையும் இல்லாததால், நீங்கள் முறையாக மணந்ததும் 177, 178-ஆம் பிரிவுகளின்படி அவள் முறைசார்ந்த மகளாகிறாள். அந்த உரிமை பிறந்த நாளிலிருந்தே கணக்காகும். அதற்கென ஒரு பிரமாணப் பத்திரத்தை இருவரும் சேர்ந்து எழுதி, பிறப்பு பதிவான ஊரின் பதிவாளரிடம் புதிய திருமணச் சான்றிதழோடு கொடுக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் குறிப்பு ஏறிய பிரதி வந்ததும், அதற்கும் திருமணச் சான்றிதழுக்கும் பிலிப்பைன்ஸ் வெளியுறவுத் துறையில், ஆவணம் உண்மையானது என்று வெளிநாடுகளும் ஏற்கும் அப்போஸ்டில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 2019 மே 14 முதல் அந்த நாடு அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது, இந்தியா அதற்கு முன்பிருந்தே இருக்கிறது. திண்டுக்கல் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதும் அந்த இரண்டு தாள்களைத்தான் கேட்பார்கள்.